வீட்டுக்குக் காய்ச்சல் பார்த்த கம்பவுண்டர்

நாகர்கோவிலில் மனிதர்களுக்குக் காய்ச்சல் பார்த்தவர்கள் ஏராளம். மாட்டுக்குப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்குக் காய்ச்சல் பார்த்து, பத்தியம் சொல்லி, தையலும் போட்டுக் குணமாக்கிய ஒரே மனிதர் டிகிரி கம்பவுண்டர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

டிகிரி என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர். ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பதும் கட்டுப்போடுவதும் அவர் வேலை. உலகத்தில் எதைக் கேட்டாலும் டிகிரியில்தான் பதில் வரும். "காப்பி எப்படி இருக்கு?" என்றால், "நூத்தி நாப்பது இருக்கும். பைய குடியும்" என்பார். மனைவிக்குக் கோபம் என்றால், "இன்னைக்கு நூத்தி ரெண்டு ஓய். சாயங்காலத்துக்குள்ள எறங்கிரும்" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவர் தெர்மாமீட்டர் குத்தியிருப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மாமனாருக்கே மறந்து போயிருந்தது.

நான் அப்போது ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாங்களெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலம். ஒழுகினசேரிப் பக்கம் ஒரே வரிசையில் ஐந்து வீடுகள். இரண்டாவதில் நான், மூன்றாவதில் கம்பவுண்டர். வீட்டுக்காரர் ஒரு இரும்புக்கடை முதலாளி. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக் கொட்டகைகளை ஏலம் போட்டபோது, ஒரு லாரி நிறையத் தகரம் எடுத்து வந்து, ஓட்டுக்குப் பதிலாக அதையே எங்கள் தலைக்கு மேல் போட்டுவிட்டார். யாராவது முணுமுணுத்தால், "பட்டாளத்துத் தகரமாக்கும் வே! குண்டு விழுந்தாலும் நசுங்காது" என்பார்.

குண்டு விழவில்லை. வெயில்தான் விழுந்தது. மாசி மாதம் பிறந்ததும் அந்தத் தகரத்தின் கீழே நாங்கள் கொழுக்கட்டை மாதிரி வெந்தோம். மழைக்காலத்தில் வேறு கஷ்டம். மேலே மழை கொட்டினால் கீழே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஆனால் கம்பவுண்டர் வீட்டில் மழைக்காலத்தில் சண்டையே வராது என்பதால் அதை அவர் குறையாகச் சொல்லமாட்டார்.

பிரசவத்துக்குப் பூதப்பாண்டிக்குப் போயிருந்த அவர் மனைவி பகவதி, அந்த மாசியில்தான் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். பெண் குழந்தை. வந்த நாலாம் நாள் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. பத்தாம் நாள் அதெல்லாம் கொப்புளம். மத்தியானம் பதினோரு மணிக்கு அழத் தொடங்கினால் நாலு மணிவரை அழும். கம்பவுண்டர் டிஸ்பென்சரியிலிருந்து ஓடி வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றடி வேம்பு நிழலில் அங்குமிங்கும் நடப்பார். நடந்துகொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் குடுக்கேன். எம் பிள்ளைக்கு ஒரு நிழல் குடுக்க முடியல பாத்தீரா."

அதில் டிகிரி எதுவும் இல்லாததால் எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது.

அந்த வாரம் பேத்தியைப் பார்க்க மாமனார் வந்தார். பூதப்பாண்டியில் வயல்காரர். நெற்றி நிறைய விபூதி பூசியவர். நடு மத்தியானம் உள்ளே வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் வியர்வை வழிந்து விபூதி கரைந்து கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்தார்.

"மாப்பிளே, நீரு இதுல கிடக்கலாம். வெந்த ஆளு. பிள்ளை பச்சைப் பிள்ளையாக்கும். நான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். சித்திரை விசுவுக்கு வந்து பாப்பேன். வீடு ஆறியிருந்தா கொண்டாந்து விடுகேன். இல்லேன்னா ஐப்பசி மழைக்குத்தான்."

பகவதி போகும்போது அழுதாள். கம்பவுண்டர் அழவில்லை. வண்டி மறைந்ததும் உள்ளே போய் நாற்காலி மேல் ஏறி, தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு இறங்கி வந்து என்னிடம் நீட்டினார்.

"படியும் ஓய்."

"நூத்தி ஆறு."

"மனுசனா இருந்தா இந்நேரம் பிச்சும் பேயும் பேசுவான். வீடானதுனால பேசாம இருக்கு. இதை நான் நார்மலுக்குக் கொண்டு வாறேன்."

அன்று தொடங்கியது சிகிச்சை. சூடு எங்கே அதிகம் என்று பார்க்க மறுநாள் தெர்மாமீட்டரை ஒரு கம்பில் கட்டித் தகரத்தோடு ஒட்டிப் பிடித்தார். நூற்றுப்பத்துக்கு மேல் போக அதில் கோடு கிடையாது. பாதரசத்துக்கு அது தெரியவில்லை. டப் என்று வெடித்து எங்கள் இருவர் தலையிலும் கண்ணாடித்தூள் கொட்டியது. நான் பயந்து போனேன். அவர் சந்தோஷமாகக் கையைத் தட்டினார். "நோய் மேலதான் இருக்கு! கண்டுபிடிச்சாச்சு!" டாக்டர் அவரைக் கண்டபடி திட்டி வேறு தெர்மாமீட்டர் கொடுத்தார்.

முறைப்படி முதலில் பலகைத் தட்டுதான் யோசித்தார். எங்கள் ஊரில் வசதியுள்ளவர்கள் கூரைக்குக் கீழே பலாப்பலகையோ அயனிப்பலகையோ அடித்துத் தட்டு போடுவார்கள். கீழே இருப்பவர்களுக்குக் கூரையின் சூடு தெரியாது. ஒரு ஆசாரியைக் கூட்டி வந்து கேட்டார். ஆசாரி அளந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். கம்பவுண்டர் மரியாதையாக அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, "அதுக்கு நான் டாக்டருக்கே படிச்சிரலாம் ஓய்" என்றார்.

ஆகவே கைவைத்தியம். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதில்லையா? வீட்டின் நெற்றியில் ஈரச் சாக்குகளைப் போட்டார். கூரை முழுக்கச் சாக்கு. மணிக்கொரு தடவை கிணற்றில் இறைத்து அதன் மேல் ஊற்ற வேண்டும். அவர் ஏணியில் நிற்பார். வாளி எடுத்துக் கொடுக்கிற நான் ஆபீசுக்கு லீவு. சொல்லக் கூடாது, நன்றாகவே குளிர்ந்தது. நூற்றாறு, நூறுக்கு இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் கிணற்றில் வாளியை விட்டால் சேறு வந்தது. ஐந்து வீட்டுக்கும் ஒரே கிணறு. கோடைகாலம் வேறு.

நாலாவது வீட்டுச் செல்லம்மை இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். பூக்கட்டி விற்கிறவள். அவள் வாயைத் திறந்தால் காகம்கூட மரம் மாறி உட்காரும்.

"என்னவே கம்பவுண்டரே, மனுசனுக்குக் குடிக்கத் தண்ணியில்ல. நீரு தகரத்தைக் குளிப்பாட்டுகேரா? தகரத்துக்குத் தலை துவட்டி விடணுமா? சொல்லும், துண்டு கொண்டு வாறேன்!"

அத்தோடு ஈரத்துணி வைத்தியம் முடிந்தது.

அடுத்தது வைக்கோல். நாஞ்சில் நாட்டில் வைக்கோலுக்கா பஞ்சம்? உத்திரத்தின் மேல் மூங்கிலைப் பரப்பி, அதன் மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோலை அடைத்தார். சூடு இரண்டு டிகிரி குறைந்தது. ஆனால் வைக்கோலில் உதிராமல் கிடந்த நெல்லைத் தேடி எலிகள் வந்தன. எலிகளைத் தேடி ஒரு பூனை வந்தது. எட்டாம் நாள், கம்பவுண்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, எலியைத் தேடி வந்த சாரைப்பாம்பு ஒன்று இலைக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்து, ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு வாசல் வழியாகப் போனது.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போனேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பயப்படாதயும். சாரைதான். ஒரு விசயம் கவனிச்சீரா? பாம்பு சூட்டுல நிக்காது. அதுவே இங்க வந்து தங்கியிருக்குன்னா, வீடு குளுந்துட்டுன்னு அர்த்தம்."

"மாமனார்ட்ட இதைச் சொல்லப் போறேரா?"

அவர் கை அப்படியே நின்றது. சாயங்காலமே வைக்கோல் முழுவதையும் இறக்கினோம்.

பங்குனி பாதி போய்விட்டது. கம்பவுண்டர் மெலிந்து போனார். மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூதப்பாண்டிக்குப் பஸ்ஸில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு தடவை வந்து, "பிள்ளைக்கு முகம் மறந்துட்டு ஓய். என்னைப் பாத்து அழுகு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விமோசனம் குளச்சலிலிருந்து வந்தது. திரேசம்மாள் என்று ஒரு மீன் வியாபாரி. கையில் கெளுத்தி முள் குத்திச் சீழ் பிடித்து, கட்டுப்போட டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறாள். ஒரு கட்டுக்குப் பத்து விஷயம் பேசுகிறவள். அப்போதுதான் குளச்சலுக்கு லாரியில் ஐஸ்கட்டி வரத் தொடங்கியிருந்தது. அந்த அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு தூரத்திலேருந்து வாற ஐஸு உருகாதா?" என்று சும்மா கேட்டிருக்கிறார் கம்பவுண்டர்.

"எப்படி மக்கா உருகும்? உமிக்குள்ள பொதைச்சுல்லா கொண்டு வாறானுவ. வெயிலு உமியைத் தாண்டாது."

கம்பவுண்டர் கட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். "ஐஸே உருகாதுன்னா எம் பிள்ளை உருகுமா?" என்று கூவிக்கொண்டு தெருவில் இறங்கியவர் நேராக என் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால், கையில் பாதி சுற்றிய துணி வால் மாதிரித் தொங்க, திரேசம்மாளும் வந்து சேர்ந்தாள். "எனக்க கையை முடிச்சுட்டுப் போவும்!" சப்ரிஜிஸ்திரார் முன்னால் வைத்து அந்தக் கட்டு போட்டு முடிக்கப்பட்டது.

உமி நெல்லு மில்லில் குவிந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். உமியோடு காய்ந்த வேப்பிலையும் சுண்ணாம்புப் பொடியும் கலந்தார். பூச்சி வராது என்றார். பனையோலைப் பாய் கிராமத்துச் சந்தையில் மலிவு. கமுகு மரத்தைக் கீறிய வாரிகளை உத்திரத்தில் குறுக்காகக் கட்டி, அவற்றின் அடியில் பாய்களைத் தொங்கவிட்டுத் தைத்து, பாயின் மேல் உமியைப் பரப்புவது திட்டம். தகரத்துக்கும் உமிக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டார். சூட்டுக்காற்று வெளியே போக முன்சுவரிலும் பின்சுவரிலும் உச்சியில் ஓட்டை போட்டார். "சீழ் கட்டினா வடிய வழி வேணும்லா" என்பது அதற்கு அவர் சொன்ன சாஸ்திரம்.

தையல் என்றால் கோணி ஊசித் தையல் இல்லை. டிஸ்பென்சரியில் காயம் தைக்கிற வளைந்த ஊசி. ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. பாய் கிழிந்திருந்த இடத்தில் பிளாஸ்திரி. நான் உமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தும்மியபடி ஏணியில் நிற்பேன். அவர் மேலே பார்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டே தையல். வலிக்காது" என்பார். அது என்னிடமா பாயிடமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விசுவுக்கு மூன்று நாள் முந்தி வேலை முடிந்தது. நடு மத்தியானம் தெர்மாமீட்டரை உதறிப் பிடித்தார். தொண்ணூற்றொன்பது! இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஆனால் உமியின் பாரத்தில் பாய்கள் நடுவில் பெரிய தொப்பையாகத் தொங்கின. செல்லம்மை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு எத்தனை மாசம் கம்பவுண்டரே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் வீட்டுக்காரருக்கு விஷயம் போய்விட்டது. குடையும் கையுமாக வந்தார்.

"யாரைக் கேட்டு எம் வீட்டுல கை வச்சேரு? என்ன வே இது, தொங்குது?"

"தொடாதயும் முதலாளி. தையல் இன்னும் ஆறல."

"எம் வீட்டை நான் தொடுவேன் வே!" என்று சொல்லி முதலாளி குடை நுனியால் தொப்பையின் நடுவில் ஓங்கிக் குத்தினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் முதலாளியைக் காணவில்லை. உமிப் படலம் அடங்கியபோது இடுப்புவரை உமியில் நின்றுகொண்டிருந்தார். மீசையில் வேப்பிலை. கண்ணில் சுண்ணாம்பு. "கண்ணு! கண்ணு!" என்று கத்தினார். கம்பவுண்டர் ஒரு நொடி அறுந்து தொங்கிய பாயைப் பார்த்தார். ஒரு மாத உழைப்பு. அடுத்த நொடி முதலாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போய் மூலையில் படுக்கவைத்து, தலையை மடியில் எடுத்துக்கொண்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவத் தொடங்கிவிட்டார். ஒரு கோபமில்லை. "முழிச்சுப் பாரும்... இன்னொரு தடவை... பயப்படாதயும், பார்வைக்கு ஒண்ணுமில்ல" என்று பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டேயிருந்தார். அரை மணி நேரம் கழுவியிருப்பார்.

முதலாளி மெதுவாகக் கண்ணைத் திறந்தார். பிறகு கையைத் தூக்கிக் காற்றைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வே, இந்த மூலை மட்டும் குளுந்து கிடக்கு?"

அந்த மூலையில்தான் பாய் விழாமல் இருந்தது. கம்பவுண்டர் மேலே கையைக் காட்டினார். முதலாளி எழுந்து அறையின் நடுவுக்கு வந்து நின்றார். மறுபடி மூலைக்குப் போனார். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தார். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு, "சுவத்துல ஆணி அடிக்காம என்னத்தையும் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசுவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கம்பவுண்டர் உமிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த செல்லம்மை இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தாள்.

"பாயைக் கம்புக்கு அடியில தொங்க விட்டா விழாம என்ன செய்யும்? கம்பு அடியில வரட்டும், பாய் மேல கிடக்கட்டும். ரெண்டு பாய்க்கு நடுவுல உமியை வச்சு, மெத்தைக்குப் போடுகது மாதிரி சாணுக்குச் சாண் முடிச்சுப் போடணும். மருந்து கலக்கத் தெரிஞ்சாப் போதுமா?"

கம்பவுண்டர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கும்பிட்டது போரும், ஊசியைத் தாரும்" என்றாள் அவள். தண்ணீருக்காகச் சண்டை போட்ட அத்தனை வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்து, அந்த வளைந்த ஊசிகளை வைத்துக்கொண்டு இரண்டு பகல் உமி மெத்தை தைத்தார்கள். ஒரு பாய்க்கு நாற்பது முடிச்சாவது இருக்கும். கம்பவுண்டர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, "பெரிய டாக்டர் போட்டது மாதிரி இருக்கு" என்று மெச்சினார். விசு அன்று காலை கனி கண்ட கையோடு கடைசி மெத்தையை மேலே ஏற்றினோம். பதினொன்றரைக்கு மாமனார் வந்துவிட்டார்.

வந்தவர் செருப்பைக் கழற்றி, மேலே பார்த்தார். கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்தக் கண்ணாடிக் குச்சியை உள்ள வையும் மாப்பிளே. எம் முதுகு சொல்லும்." துண்டைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்தார். "கொஞ்ச நேரம் கிடந்து பாக்கேன். ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போணும்."

நாங்கள் வாசலில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் செல்லம்மையும் மற்றவர்களும். யாரும் மூச்சு விடவில்லை. பத்து நிமிஷம் போனது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பாய்தான் கிழிகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குறட்டை," என்றார் கம்பவுண்டர் மெதுவாக. "குறட்டை விடுகாரு ஓய்!"

மாமனார் எழுந்தபோது மணி நாலேகால். விபூதி அழியாமல் இருந்தது. எழுந்து உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். "பஸ்ஸை விட்டுட்டேனே! ஒருத்தருக்காவது எழுப்பணும்னு தோணிச்சா?" நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை ஒரு வில்வண்டி வந்து நின்றது. பகவதி குழந்தையோடு இறங்கினாள். கம்பவுண்டர் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டு போய்ப் பாயில் கிடத்தினார். அது மேலே பார்த்தது. முடிச்சுகளைப் பார்த்ததோ என்னவோ, காலை உதைத்துச் சிரித்தது. அவர் தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பகவதி என்னைப் பார்த்து, "இஞ்ச பாருங்க, ரெண்டுல எது பிள்ளைன்னு தெரியல" என்றாள்.

ஆனிமாதம் என் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே போனவன் ஏதோ வீடு மாறி வந்துவிட்டோம் என்று வெளியே வந்து பார்த்தேன். என் வீடுதான். உத்திரத்தின் மேல் வரிசையாகக் கமுகு வாரி. அதன் மேல் பாய். சாணுக்குச் சாண் முடிச்சு. ஒரு மூலையில் பிளாஸ்திரிகூட இருந்தது.

அவரைப் போய்க் கேட்டேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

"உமக்காகன்னு நினைச்சிராதயும். உம்ம வீட்டுச் சூடு மேல வழியா எங்க வீட்டுக்கு வருகு. பிள்ளைக்கு ஆகாதுன்னு போட்டேன்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரத்தைத் தொடும் உயரத்துக்குச் செங்கல் சுவர் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்காக எத்தனையோ உண்மைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல பொய்யை யாரும் சொன்னதில்லை.